ஷைலினா, நோராவா

சிறையின் சாப்பாட்டுக் கூடத்தில் எட்டுப் பெண்கள் நட்சத்திரக் குக்கீகளின் மேல் தங்கள் பிள்ளைகளின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் பிள்ளைகள் பார்க்க வரும் ஞாயிறு. உள்ளே கத்தரிக்கோல் கூடாது என்பதால் ஐசிங் பைகளின் முனையை லோர்னா வீட்டிலேயே வெட்டி எடுத்து வந்திருந்தாள். நெப்ராஸ்காவின் அந்த மகளிர் சிறையில் அவள் குக்கீ அலங்கார வகுப்பெடுக்க வந்து இது நான்காவது சனிக்கிழமை. எட்டுப் பேரில் ரொஷெலுக்குத்தான் கை நன்றாகப் பழகியிருந்தது. கோடு இழுத்தால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். இன்று அவள் பையைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"என்ன ரொஷெல், பேரு எழுதலையா?"

"எந்தப் பேர எழுதுறது மிஸ்? நான் வச்சது ஷைலின். வளக்குறவங்க நோரான்னு கூப்பிடுறாங்க. அடுத்த வாரம் கோர்ட்ல தத்து முடிஞ்சிரும். நாளைக்கு ஒரு தடவைதான். அதுக்கப்புறம் இல்ல."

பக்கத்திலிருந்த யோலாண்டா தலை நிமிராமலே சொன்னாள்: "பெத்தவ நீ. அவங்க வச்ச பேர நீயே எழுதிக் குடுக்கப் போறியாக்கும்."

"அவளுக்கு நாலு வயசுடி. ஷைலின்னு எழுதினா அது யாருன்னு கேப்பா."

லோர்னா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இதைச் சொல்ல வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. பத்தொன்பது வருடங்களாக யாரிடமும் சொன்னதும் இல்லை.

"என் பொண்ணும் தத்தெடுத்த பொண்ணுதான். வீட்டுக்கு வந்த அன்னைக்கே பேர மாத்திட்டேன்."

யோலாண்டாவின் கை நின்றது. ரொஷெல் வெகுநேரம் லோர்னாவின் முகத்தையே பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று லோர்னா நினைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"பெத்த அம்மா வந்து பாத்தாங்களா?"

"கேட்டாங்க. நான் வேண்டாம்னுட்டேன்."

ரொஷெல் குக்கீயைத் திருப்பிப்போட்டு, அடிப்பக்கத்தில் மெல்லிய எழுத்தில் ஷைலின் என்று எழுதினாள். ஒரு இடத்திலும் கை பிசகவில்லை.

"இது எப்ப காயும் மிஸ்?"

"எழுத்து கீழ பாக்குற மாதிரி வைக்கணும்னா ஒரு மணி நேரமாவது ஆகும்."

"இன்னும் பதினஞ்சு நிமிஷந்தான் இருக்கு," என்று வாசலிலிருந்து காவலர் குரல் கொடுத்தார்.

ரொஷெல் குக்கீயின் முனைகளை மட்டும் இரண்டு கை விரல்களாலும் பிடித்து, மெல்லத் திருப்பி, மேசையில் படாமல் தூக்கிக்கொண்டாள். ஈர எழுத்து கீழே பார்த்தபடி இருந்தது.

"மேல நீங்க எழுதுங்க மிஸ். என்னால அது முடியாது."

லோர்னா பையை எடுத்தாள். இருபது வருடமாக எழுதிப் பழகியும் முதல் எழுத்திலேயே கோடு கோணியது. "ஆட்டாதீங்க," என்றாள் ரொஷெல் தணிந்த குரலில். அவள் விரல்கள் அசையவில்லை. அந்தரத்தில் நின்ற நட்சத்திரத்தின் மேல் நோராவின் இரண்டாவது எழுத்தை லோர்னா மூச்சைப் பிடித்துக்கொண்டு தொடங்கினாள்.