ஈரமிஷின் குடித்த ஐப்பசி

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கட்டடக்காரர்கள் சங்கம் ஒன்று தன் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டது. தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'புதுப் பூச்சை ஈரமகற்றும் இயந்திரம் வைத்து விரைவில் உலர்த்துவது எப்படி?' எனக்குச் சுவரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதில் சாய்ந்துகொள்ளலாம் என்பதுதான். விசாரித்ததில், திருப்பூரில் அவிநாசி சாலைப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசராக இருக்கும் வேல்விழியைக் கைகாட்டினார்கள். கொஞ்ச நேரம் பேசிவிட்டு வரலாம் என்று போனேன். கட்டுரை அங்கேயே செத்தது. மலர்க்காரர்கள் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

2

தொடக்கம், முதல் வரைவு: 'மழை பெய்துகொண்டிருந்தது.' (அடித்துவிட்டேன். தமிழில் பாதிக் கதைகளில் இந்த மழைதான் பெய்கிறது.)

இரண்டாம் வரைவு: 'பிள்ளையைப் பிரிந்து வந்த அந்தத் தாயின் கண்கள் குளமாக—'

இந்த வரியை வேல்விழிக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

"நான் எப்ப சார் அழுதேன்?" என்றார். "பஞ்சு விழுந்தா கண்ணுல தண்ணி வரும். அது இங்க எல்லாருக்கும் வரும். நான் அழுத மாதிரி எழுதினீகன்னா எங்க லைன்ல சிரிப்பாக."

மூன்றாம் வரைவு அவர் சொன்னதை ஒட்டியே போகிறது. (போனில் 'அவர்', கதைக்குள் 'அவள்'. கேட்டேன், சரி என்றுவிட்டார்.)

3

இரண்டாயிரத்து ஐந்து, ஐப்பசி. வேல்விழியின் மகள் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். ஆனால் தவழ்ந்தது அருப்புக்கோட்டையில், வேல்விழியின் அக்கா வீட்டில். வேல்விழி கம்பெனிக்கும், அவள் கணவன் முனீஸ் சாயப்பட்டறைக்கும் போய்விட்டால் திருப்பூரில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. பிள்ளை தவழ்கிற செய்தி அவளுக்குப் போனில் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்குள் குழந்தைகளுக்கென்று ஓர் அறை எழும்பியது. மற்ற பெண்களையும் சேர்த்துக்கொண்டு கேட்டுக் கேட்டு வாங்கியவள் வேல்விழி. (சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையரும் கேட்டிருந்தார். நேர்மைக்காக இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.) பூச்சு முடிந்தது, மழையும் பிடித்துக்கொண்டது. முதலாளி சரவணக்குமார் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு விஷயத்தை நேராகவே சொன்னார்.

"கார்த்திகை பொறந்ததும் பையர் ஆளுங்க வர்றாங்க. அதுக்குள்ள காஞ்சு பெயிண்ட் அடிச்சாச்சுன்னா இது பிள்ளைங்க ரூமுங்க. காயலீன்னா, பழைய ஷெட்டை வெள்ளையடிச்சுக் காட்டிப்போட்டு, அப்பறமா இதை அட்டைப்பெட்டிக்கு வெச்சுக்கலாமுங்க."

அட்டைப்பெட்டி ஏறிய அறையில் பிறகு பிள்ளை ஏறியதாகத் திருப்பூரில் சரித்திரமில்லை. வேல்விழிக்கு அது தெரியும்.

"பேக்கிங் ரூம் ஈரமிஷினக்* குடுங்க சார். நான் காயவச்சுத் தாரேன்."

"அங்க இருக்கற சரக்கு?"

"அதுக்கும் நான்தான் பொறுப்பு."

(*டிஹியூமிடிஃபையருக்குக் கம்பெனி வைத்த பெயர். முழுப் பெயரையும் முதல் தடவையே சரியாகச் சொன்னது தான் மட்டும்தான் என்று முதலாளி என்னிடம் சொன்னார். சொல்லச் சொல்லிக் கேட்டேன். திணறினார்.)

4

(கட்டுரையிலிருந்து உயிர்பிழைத்த பகுதி. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம். பிறகு புரியவில்லை என்று என்னைக் குறை சொல்லக் கூடாது.)

சிமெண்ட் பூச்சு முதலில் தண்ணீர் கேட்கும். சில நாள் நனைத்து நனைத்து இறுக விட வேண்டும். இறுகிய பிறகு, குடித்த தண்ணீரை விடமாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஹீட்டர் வைத்து மிரட்டினால் மேல்தோல் மட்டும் காய்ந்து வெடிப்பு விடும். ஈரமிஷின் சுவரைத் தொடுவதே இல்லை. அறைக் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து வாளியில் விடுகிறது. காற்று உலர உலரச் சுவர் தன் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிறது. ஏற்றுமதிப் பனியன்கள் பெட்டிக்குள் பூஞ்சை பிடிக்காமலிருக்க, மழைக்காலம் முழுக்க வேல்விழியின் பேக்கிங் அறையில் ஓடியது இந்த மிஷின்தான்.

[இதில் ஒரே ஒரு விதியை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். வேல்விழியும் அன்று விட்டாள்.]

5

மிஷின் வந்து இறங்கியதும் வேல்விழி முதலில் செய்த காரியம், அறையின் ஜன்னல்களையெல்லாம் விரியத் திறந்துவிட்டதுதான். ஃபேனையும் போட்டாள். பனியன் கம்பெனியில் பிழைப்பவளுக்கு ஈரம் என்றால் மருந்து காற்று. நனைந்த துணியை ஜன்னலடைத்து யாராவது காயப்போடுவார்களா? இந்தத் தப்பைச் செய்வதற்கே இந்த ஊரில் வேலை பார்த்திருக்க வேண்டும்.

வாளி நிரம்பியது. மதியத்துக்குள் மறுபடியும் நிரம்பியது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாவாகச் சேர்ந்திருந்த உள்ளூர்க்காரி ஆயம்மாள் அதைத் தூக்கிப் போய் வாசலில் ஊற்றினாள். கட்டிங், செக்கிங், அயர்னிங் என்று எல்லாப் பிரிவிலிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்து வாய்பிளந்தார்கள். முதலாளியே பக்கத்துக் கம்பெனிக்காரரைக் கூட்டிவந்து வாளியைக் காட்டினார். "பாருங்க, செவுத்துக்குள்ள இருந்து எத்தனை தண்ணி."

வேல்விழிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. தீபாவளிக்கு ஊரே காலியாகி எல்லோரும் பஸ் ஏறினார்கள். அவள் ஏறவில்லை. வாளி வழிந்துவிட்டால் யார் ஊற்றுவது? அக்காவுக்குப் போன் போட்டு, பிள்ளையின் துணிமணிகளை மூட்டை கட்டி வைக்கச் சொன்னாள்.

(இங்கேயே கதையை முடித்துவிடலாமா என்று பார்த்தேன். நல்ல இடம். சுவர் ஒத்துழைக்கவில்லை.)

6

தீபாவளி போய்விட்டது. வாளி நிரம்பிக்கொண்டே இருந்தது. சுவரோ பூசிய புதிதிலிருந்த கறுப்பிலேயே நின்றது. வேல்விழி உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. அந்தப் பக்கம் பேக்கிங் அறையில், மிஷின் இல்லாததால் பெட்டிகள் நமத்துப்போகத் தொடங்கியிருந்தன. இரண்டு அறையையும் கெடுத்தவள் என்ற பெயர் அவளுக்காகக் காத்திருந்தது. மூட்டை கட்டிய துணிமணிகளை அக்காவிடம் பிரிக்கச் சொல்ல வேண்டியிருக்குமோ என்று பயந்தாள். (அழவில்லை.)

இந்த இடத்தில் முதலாளியை வில்லனாக்கிவிட எனக்கு ஆசை. எழுதியும் பார்த்தேன்: 'சரவணக்குமார் ஏளனமாகச் சிரித்—' அவர் சிரிக்கவில்லை. "முடியலீன்னா சொல்லிப்போடுங்க, மிஷினை எடுத்துக்கலாம்" என்று தன்மையாகத்தான் கேட்டார். தன்மையான மனிதரிடம் தோற்பது இன்னும் கஷ்டம்.

வேல்விழி பேக்கிங் அறைக்குப் போய் நமத்த பெட்டிகளைப் பிரிக்க உட்கார்ந்தாள். பெட்டி ஏற்றுகிற சுடலை தள்ளுவண்டியோடு உள்ளே வந்தான். எப்போதும்போல் கதவைத் திறந்தபடியே விட்டான். எப்போதும்போல் அவள் தலை நிமிராமல் கத்தினாள்.

"கதவச் சாத்து சுடலை. வெளி ஈரமெல்லாம் உள்ள வருது."

"மிஷினே இங்க இல்லியேக்கா" என்றான் சுடலை.

வேல்விழி கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். மழைக்காலம் தவறாமல் இதே வாயால் இதே கத்தல். கதவைத் திறந்துபோட்டால் மிஷின் ஊரையே காயவைக்கப் பார்க்கும் என்று, புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவளும் அவள்தான்.

7

ஓடிப்போய் ஜன்னல்களைச் சாத்தினாள். ஃபேனை மட்டும் ஓடவிட்டாள். கதவிடுக்கில் வேஸ்ட் துணியைத் திணித்தாள்.

"ஏங்கண்ணு, இப்படி இறுக்கச் சாத்திப்போட்டா செவுரு எப்படிக் காயும்?" என்றாள் ஆயம்மாள்.

"இம்புட்டு நாளா நாம காயவச்சது திருப்பூரம்மா. இனிமேத்தான் சுவரு."

மறுநாள் வாளியில் பாதிகூட இல்லை. எட்டிப் பார்த்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். முதலாளி மிஷினைச் சுற்றி வந்தார். "கெட்டுப்போச்சாட்ட இருக்குதுங்க."

"இல்ல சார். முன்னக் குடிச்சதெல்லாம் ஐப்பசி மழை. ஜன்னலத் திறந்து ஊத்திக் குடுத்தது நான்தான். என் தப்பு. இப்பக் கொஞ்சமாத்தான் குடிக்குது. ஆனா சுவரக் குடிக்குது."

அவர் சுவரைப் பார்த்தார். ஓரத்தில் உள்ளங்கையளவு வெளுத்திருந்தது. வெளியே போனவர், கதவைத் தன் கையாலேயே சாத்திவிட்டுப் போனார்.

வெளுப்பு பரவியது. பரவப் பரவ வேல்விழியின் நடையே மாறிவிட்டது என்று சுடலை எனக்குத் தனியாகச் சொன்னான். ஒரு வெடிப்பு இல்லை. அந்தச் சுவரை நானும் தடவிப் பார்த்திருக்கிறேன். எனக்கே அவளை நினைத்து மார்பு விரிந்தது. (அப்போது அறைக்குள் என்ன இருந்தது என்று கேட்காதீர்கள்.)

8

பெயிண்ட் ஏறியது. பையர் ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், தலையாட்டினார்கள், காரேறிப் போனார்கள். முடிவு அதன் பிறகுதான் ஆரம்பிக்கிறது. நமத்த பெட்டிகளின் சரக்கை மாற்றி அடுக்கக் காய்ந்த இடம் வேண்டும். அந்தக் கம்பெனியிலேயே நன்றாகக் காய்ந்த அறை எது என்று உங்களுக்குத் தெரியும். காயவைத்ததும் அவள், சரக்குக்குப் பொறுப்பேற்றதும் அவள்.

முடிவு அ: 'இந்த ஒரு லோடு மட்டுமுங்க' என்கிறார் முதலாளி. பெட்டிகள் ஏறுகின்றன. (இறங்குவதை நான் எழுதவில்லை.)

முடிவு ஆ: வேல்விழி நெஞ்சு நிமிர்த்தி வசனம் பேசுகிறாள், எல்லோரும் கைதட்டு— (சினிமா. அடித்துவிட்டேன்.)

நடந்தது இவ்வளவுதான். சுடலையின் தள்ளுவண்டி பெட்டிகளோடு அந்தக் கதவின் முன்னால் வந்து நின்றது. அதன் பின்னால் சரவணக்குமார். வாசலில், தான் காயவைத்த சுவரில் சாய்ந்தபடி வேல்விழி. உள்ளே, காலையில் அருப்புக்கோட்டை பஸ்ஸில் வந்து இறங்கிய பிள்ளை, ரிஜெக்ட் துணியில் கட்டிய தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. தூளி கட்ட வேல்விழி யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் சுவர் எழும்புவதற்கு முன்பே கேட்டு முடித்தாயிற்று என்றாள். முதலாளி உள்ளே எட்டிப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

என்ன சொன்னார் என்று வேல்விழியிடம் கேட்டேன்.

"அத எழுதாதீக சார். அந்த எடத்துல படிக்கிறவுக நின்னா என்ன சொல்லுவாகன்னு நான் பாக்கணும்."

ஆகவே இப்போது முதலாளி விலகிக்கொண்டார், அவர் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். வண்டியை உள்ளே விடுவதா, திருப்பி அனுப்புவதா என்பதை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். கதவை மட்டும் மெதுவாகச் சாத்துங்கள். பிள்ளை தூங்குகிறது.