நலம் விசாரித்த அய்சுலு

அல்மாத்தி நகரில் லாரிக் கம்பெனி நடத்தும் ரவ்ஷான், ஓட்டுநர்களை விசாரிக்கும் வேலையைக் கணினியிடம் ஒப்படைத்தாள். அது தினமும் காலையில் ‘லாரி எங்கே?’ என்று தானாகவே எல்லோருக்கும் செய்தி அனுப்பியது. ஒருத்தரும் பதில் போடவில்லை.

“ஒரு சலாம் கிடையாது. புள்ளைங்க சுகமா, ஆடு குதிரையெல்லாம் சுகமான்னு ஒரு வார்த்தை கிடையாது. எடுத்த எடுப்புல லாரி எங்கேன்னா, நாங்க என்ன திருடனுங்களா?” என்று போனில் எகிறினார் மூத்த ஓட்டுநர் தோக்தார்.

ரவ்ஷான் தலையில் அடித்துக்கொண்டு அத்தனை நலவிசாரிப்பையும் செய்தியில் சேர்த்தாள். கீழே அய்சுலு என்று ஒரு பெண் பெயரையும் போட்டுவைத்தாள். பதில்கள் வந்து குவிந்தன.

அடுத்த மாதம் தோக்தார் கையில் சமைத்த குதிரைக்கறிப் பொட்டலத்தோடு வந்து நின்றார்.

“அய்சுலு எங்கேம்மா? தங்கமான பொண்ணு. ஒரு நாள் தவறாம விசாரிக்குது.”

“அண்ணே, அது பொண்ணே இல்ல. இந்தக் கம்ப்யூட்டர்தான்.”

தோக்தார் கணினியை ஏற இறங்கப் பார்த்தார். “இருந்துட்டுப் போகட்டும். இத்தனை வருஷத்துல நீ ஒரு நாளாவது கேட்டிருப்பியா?” என்றவர், பொட்டலத்தைக் கணினியின் முன்னால் வைத்துவிட்டு நடந்தார்.

கறி வாசனை ரவ்ஷானின் மூக்கைத் துளைத்தது.

“அண்ணே, அதுக்கு வாயே இல்லையே! நான் சாப்பிடலாமா?”

“அவகிட்ட கேட்டுட்டுச் சாப்பிடு.”