மார்கழி பிறப்பதற்குள்

வங்கியில் வீட்டுக்கடன் பார்க்கும் ஐஸ்வர்யா கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினாள். அதில் சிவப்பாக ஓர் எண் இருந்தது. சுகுணாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்த எண்ணைப் பார்க்கத்தானா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் ஏழாவது தடவையாகப் பர்மிஷன் கேட்டு, பல்லைக் காட்டி, திட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்?

"உங்க சிபில் ஸ்கோர் நல்லாத்தாங்க இருக்குது மேடம். சாரோடதுதான் இடிக்குது" என்றாள் ஐஸ்வர்யா. "ஒரு லோடு வண்டிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்காருங்க. வாங்கினவங்க மூணு தவணை கட்டல. அவங்க கட்டலன்னா இவர் பேர்லயும் ஏறிடும்."

சுகுணா பக்கத்தில் இருந்த கணவனைப் பார்த்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் சந்திரமோகன், வங்கியின் மின்விசிறியை அன்றுதான் புதிதாகக் கண்டுபிடித்தவன் மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்த லோடு வண்டிங்க?"

"எங்க பானுக்கா வூட்டுதுதான்."

"எப்ப போட்டீங்க?"

"அது ஆவுது, நாலு வருசம்."

நாலு வருசம்! பக்கத்து வீட்டுக்காரி வாங்கிய புடவையின் விலைகூட இந்த மனுஷனுக்குத் தெரியும். வந்து ஒப்பிப்பான். இதை மட்டும் நாலு வருசமாக வாய்க்குள்ளேயே அடக்கி வைத்திருந்திருக்கிறான். சுகுணாவுக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது. வங்கியாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஐஸ்வர்யா நல்ல பெண். குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நிலுவை நாப்பத்திரெண்டாயிரத்தைக் கட்டி, பைனான்ஸ்காரங்ககிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. நானே மேல எழுதி அனுப்பறேன். திங்கக்கிழமை சாயந்தரத்துக்குள்ள வந்துடணுங்க. அதுக்கு மேலன்னா ஃபைலை மூடிடுவாங்க, என் கையில இல்ல."

அன்று வியாழன். திங்கள் தாண்டினால் வங்கிக்கு இன்னொரு ஃபைல் வரும், ஐஸ்வர்யாவுக்கு இன்னொரு மேடம் வருவாள். சுகுணாவுக்குத்தான் எதுவும் வராது. மொரப்பூரில் குடியிருக்கும் வாடகை வீட்டைக் கார்த்திகை முடிவதற்குள் காலி செய்தாக வேண்டும். வீட்டுக்காரர் வேறு ஆளிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டார். மார்கழியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பதால் வருகிறவர்களும் அதற்குள் வந்தாக வேண்டுமாம். தருமபுரியில் இவர்கள் பேசி முடித்த வீட்டின் ஒப்பந்தமும் கார்த்திகைக் கடைசியோடு முடிகிறது. விற்கும் ராஜாமணிக்கு முன்பணமாகக் கொடுத்த இரண்டு லட்சம், சுகுணாவின் பதினோரு வருசச் சேமிப்பு. கெடு தாண்டினால் அதில் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தது. தாலிக்கொடி தவிர மீதி நகையெல்லாம் ஏற்கெனவே அடகுக்கடையில்.

வெளியே வந்ததும் நாத்தனாரின் கணவர் சத்யராஜுக்கு இவளே போன் போட்டாள். பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி ஏற்றுவதற்கென்று அந்த லோடு வண்டியை வாங்கியவர் அவர்தான்.

"அண்ணா, அந்த வண்டித் தவணை..."

"அடடா, அதுவாம்மா! தக்காளி கிலோ அஞ்சு ரூவாய்க்கு வந்துருச்சு, என்ன பண்றது? அடுத்த மாசம் ஒரே அடியா அடிச்சுட்டுத்தான் மறுவேலை. நீ மனசுல ஒண்ணும் வெச்சுக்காத. ஞாயித்துக்கிழமை பால் காச்ச வரம்ல, பேசிக்கலாம்."

அடுத்த மாசம். மார்கழியில் வந்து கட்டுவாராம். அதற்குள் இவர்கள் பாத்திரம் பண்டத்தோடு தெருவில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

மொரப்பூர் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு கேட்டாள். "உங்கக்காகிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன். என்ன, தலையா போயிடும்?"

"அக்காகிட்டயா? வாய்ல வர்றதப் பேசாத. எங்கப்பா போனப்புறம் என்னைப் படிக்க வெச்சதே அவதான். எருமை மேய்ச்சு, பால் ஊத்தி ஃபீஸ் கட்டுனா. அவ மூஞ்சியப் பாத்து காசு கேக்கறதா?"

"நான் காசு கேக்கச் சொல்லலீங்க. அவங்க கட்ட வேண்டியதக் கட்டச் சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றான். அதோடு பேச்சு முடிந்தது என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டான். தூங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். அந்த அக்கா பட்ட பாடெல்லாம் உண்மை என்பதும் தெரியும். அதனால்தான் சண்டை போடவும் வழியில்லாமல் வயிறு எரிந்தது. வெள்ளியும் சனியும் தெரிந்தவர்களிடமெல்லாம் கைமாற்றுக் கேட்டுப் பார்த்தாள். எட்டாயிரம் தேறியது.

ஞாயிறு கார்த்திகையின் கடைசி முகூர்த்தம். ராஜாமணி பெரிய மனசு பண்ணி அன்று ஒரு நாளைக்கு மட்டும் சாவி கொடுத்திருந்தார். "நல்ல நாளை எதுக்கு விடறீங்க, பாலைக் காச்சிக்குங்க. சாமான் செட்டெல்லாம் ரெஜிஸ்டர் முடிஞ்சப்புறம்" என்று சொல்லியிருந்தார். கடன் இழுபறியில் கிடப்பது அவருக்குத் தெரியாது. நிறுத்திவிடலாம் என்று சுகுணா சொல்லிப் பார்த்தாள். பத்திரிகை அடிக்காத குறையாக அறுபது பேருக்குச் சொல்லியாகிவிட்டது, எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நிறுத்துவது என்று சந்திரமோகன் குதித்தான்.

ஆக, விடியற்காலையில் சொந்தமாகாத வீட்டின் சமையலறையில் நாத்தனார் பானுமதி பட்டுப்புடவை சரசரக்க வந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். முதல் பால் நாத்தனார் கையால்தான் பொங்க வேண்டும். பொங்கியது. எல்லோரும் குலவை போட்டார்கள். சுகுணாவும் போட்டாள்.

எட்டு மணிக்கு வாசலில் ஹாரன் சத்தம். தவணை கட்டாத அதே லோடு வண்டி, மாலை போட்டுக்கொண்டு வந்து நின்றது. சத்யராஜ் மீசையைத் தடவியபடி இறங்கினார். நாலு பேர் சேர்ந்து ஆளுயர அட்டைப்பெட்டி ஒன்றை இறக்கினார்கள். இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம். சொந்தக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"மச்சான் புது வூட்டுக்கு வெறுங்கையோட வர முடியுங்களா?" என்றார் சத்யராஜ், கூட்டத்தைப் பார்த்து.

சுகுணாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கடவுளே, இந்த மனுஷருக்குத் தவணைக்கு இல்லாத காசு, தம்பட்டத்துக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது? நேராகச் சமையலறைக்குப் போனாள்.

"அண்ணி, அந்த ஃபிரிட்ஜுக்கு பில் இருக்குதுங்களா?"

பானுமதி பாலை டம்ளர்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள். "ஏங் கண்ணு, கலரு புடிக்கலையா? நாப்பத்தி நாலாயிரம். சீட்டு எடுத்து ரொக்கமா குடுத்தம்."

அதற்கு மேல் சுகுணாவால் அடக்க முடியவில்லை. கொட்டிவிட்டாள். ஜாமீன் கையெழுத்து, மூன்று தவணை, வங்கி, திங்கட்கிழமை, இரண்டு லட்சம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அண்ணி சண்டைக்கு வருவாள் என்றுதான் நினைத்தாள். வந்தால் வரட்டும், இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்றுகூட இருந்தாள்.

பானுமதி பால் சொம்பை மெல்லக் கீழே வைத்தாள். அவள் முகம் செத்துப்போயிருந்தது.

"மாசாமாசம் கட்டறேன்னுதான் எங்கிட்ட சொல்லிட்டிருக்கறாரு அந்தாளு" என்றாள். "எனக்குத் தெரியாது சுகுணா. சத்தியமாத் தெரியாது. மோகன் ஒரு வார்த்தை சொல்லலியே."

"உங்க மனசு நோவும்னு சொல்லலீங்க."

"நல்லா இருக்குது. வூடு போனா மட்டும் எம்மனசு நோவாதா?" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மணிபர்ஸிலிருந்து பில்லை எடுத்து சுகுணாவின் கையில் திணித்தாள். "பொட்டியப் பிரிக்காம கொண்டாந்தா திருப்பி எடுத்துக்குவேன்னு கடைக்காரன் சொன்னான். பந்தி முடியட்டும். அந்த வண்டியிலயே ஏத்தி நானே கூட வரேன். நாளைக்குக் காலைல பைனான்ஸ்ல கட்டிட்டு, லெட்டர் வாங்கிட்டுத்தான் நான் ஊருக்கே போவேன்."

சுகுணாவுக்குக் கண் கலங்கியது. மூன்று நாளாக மனசுக்குள் இந்த அண்ணியை எத்தனை திட்டு திட்டியிருப்பாள்! அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை பாரமும் சட்டென்று இறங்கிவிட்டது போலிருந்தது.

அப்போதுதான் கூடத்திலிருந்து சந்திரமோகனின் குரல் கேட்டது. சாதாரணமாக அவனுக்கு அவ்வளவு சத்தம் வராது.

"யாருக்குங்க வேணும் பில்லு?"

சமையலறை வாசலில் நின்ற யாரோ, சுகுணா பில் கேட்டதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு போய்க் கூடத்தில் போட்டிருக்கிறார்கள். சத்யராஜ் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். அறுபது பேர் சந்திரமோகனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கையில் வாழைத்தார் வெட்டிய கத்தி.

"எங்கக்கா குடுத்த சீருங்க இது. வெல பாத்து, பில்லு பாத்து, திருப்பி அனுப்பறதுக்கு எங்க வூடு ஒண்ணும் கடையில்ல!"

"மோகா, வேணாண்டா! பிரிக்காத!" பானுமதி சமையலறையிலிருந்து ஓடினாள். புடவை தடுக்கியது. சுகுணா அவளுக்கும் முன்னால் ஓடினாள்.

கொடுத்த சீருக்குப் பில் கேட்டுவிட்டார்களே என்ற அவமானத்தில்தான் அக்கா இப்படிப் பதறுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். அதனால் இன்னும் வேகமாக வெட்டினான். டேப் கிழிந்தது, அட்டை கிழிந்தது, தெர்மோகோல் தரையெல்லாம் சிதறியது. இரண்டு கதவையும் அகலத் திறந்து வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தான். கூட்டத்தில் யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். சத்யராஜுக்கு மீசை பழையபடி நிமிர்ந்தது.

பானுமதி அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

சந்திரமோகன் மூச்சு வாங்க, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மனைவியைப் பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமையை அவள் பார்த்ததில்லை. கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் என்ன ஆகிவிடப்போகிறது? கையில் இருந்த பில்லை நாலாக மடித்தாள்.

"ரொம்ப சந்தோசங்க" என்றாள். "இப்ப இத எந்த வூட்ல வெக்கப் போறீங்க?"