வாங்காத லாரிக்கு ஸ்தோத்திரம்

வீரம்மா பறித்த கொழுந்து வாடுவதில்லை. இத்தலார் என்ற மலையூருக்குக் கீழே, பஸ் திரும்பும் வளைவை ஒட்டி அவளுக்கு அரை ஏக்கர் தேயிலை இருந்தது. பச்சைத் தேயிலையின் விலை படுத்துவிட்ட வருடத்தில், ஐப்பசியின் ஒரு திங்கட்கிழமை இது தொடங்கியது. அன்று கொழுந்து ஏற்ற வந்த லாரி, ஃபேக்டரியில் இடமில்லை என்று சொல்லி வளைவில் காத்திருந்த மூட்டைகளை அப்படியே விட்டுவிட்டுப் போனது. மற்றவர்கள் ஓடையில் கொட்டிவிட்டுத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். வீரம்மா தன் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவள். ஞானஸ்நானம் எடுத்து இருபது வருடமாகியும் பழைய பெயரை விடாதவள். பிறகு எழுந்து, லாரி போன திசையைப் பார்த்து உரக்கச் சொன்னாள்: "ஆண்டவரே, வெளஞ்ச கொழுந்துக்கு ஸ்தோத்திரம். வாங்காத லாரிக்கும் ஸ்தோத்திரம்." அது ஜெபம் மாதிரி இல்லை, சண்டைக்கு இழுக்கிற மாதிரி இருந்தது என்று கேட்டவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

அதற்குப் பின் ஒவ்வொரு கொத்தைக் கிள்ளும்போதும் அவள் ஸ்தோத்திரம் சொன்னாள். அடுத்த முறை லாரி மூட்டையை எடுத்துக்கொண்டது. தேயிலையாக வேண்டுமென்றால் கொழுந்து முதலில் வாட வேண்டும். ஃபேக்டரியில் பரப்பிப் போட்டுப் பதினாறு மணி நேரம் காற்றடித்தார்கள். மற்றவர்களுடையது துவண்டது; வீரம்மாவுடையது செடியில் நிற்பதுபோல விறைப்பாக, பனி ஈரத்தோடு கிடந்தது. எந்திரத்தில் போட்டபோது மறுபக்கம் முழு இலையாகவே வந்து விழுந்தது. எந்திரத்தின் பற்கள்தான் மழுங்கின.

ஃபேக்டரி சூப்பர்வைசர் தரணிதரன், கோயம்புத்தூர்க்காரர், மரியாதை தெரிந்தவர், வீடு தேடி வந்தார். "ஏனுங்கம்மா, பறிக்கறப்ப நீங்க என்னமோ சொல்றீங்களாமா. அதைய மட்டும் உட்டுப்போடுங்க. வாய மூடிட்டுப் பறிச்சா எடுத்துக்கறோம். இல்லீன்னா உங்க மூட்டை இனி வேண்டாமுங்க."

"அது ஏலாதுங்க தொர," என்றாள் வீரம்மா. "டீ குடிக்கிறீங்களா?"

அவர் குடிக்காமல் போனார். அந்த வீட்டுக்கு அரை ஏக்கரைத் தவிர வேறு வரும்படி கிடையாது. கணவர் சுவிசேஷமுத்து சரிவில் விழுந்து காலை உடைத்துக்கொண்டு, இரண்டு வருடமாகக் கோல் ஊன்றி நடந்தார். பரம்பரைக் கிறிஸ்தவரான அவர், "வயித்துக்கும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லு புள்ள, ரொம்புதான்னு பாப்போம்" என்றார். வீரம்மா அதையும் சொன்னாள். வயிறு நிரம்பவில்லை. போதகர் வந்து, மனசுக்குள் சொன்னாலும் கர்த்தர் கேட்பார் என்று எடுத்துச் சொன்னார். "அவருக்குக் கேக்குங்க ஐயா. லாரிக்காரனுக்குக் கேக்காதே," என்றாள். போதகர் குடையை எடுத்துக்கொண்டார்.

அடுத்த நான்கு வருடமும் அவள் ஐஸ் போன்ற தண்ணீரில் நின்று கூலிக்குக் கேரட் கழுவினாள். சுற்றியிருந்தவர்கள் தேயிலையைப் பிடுங்கிவிட்டு உருளைக்கிழங்கு போட்டார்கள். அவள் பிடுங்கவில்லை. பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை பறித்து, மூட்டையை வளைவுக்குச் சுமந்து, நிற்காமல் போகும் லாரிக்கு ஸ்தோத்திரம் சொல்லி, அங்கேயே கொட்டினாள். லாரி எடுக்காத நாட்களில் மற்றவர்கள் கொட்டியது மூன்றாம் நாள் கறுத்து நாறியது. அவள் கொட்டியது பச்சையாகவே குவிந்துகொண்டு போனது.

மூன்றாம் வருடம், வீட்டில் அரிசி இல்லாத ஒரு வாரத்தில், அவள் கேரட் கழுவப் போயிருந்தபோது சுவிசேஷமுத்து கோலை ஊன்றிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினார். உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு மூட்டை பறித்தார். அது ஒழுங்காக வாடியது, விலை போனது, அரிசியாக வீட்டுக்கு வந்தது. கோணல்மாணலாகக் கிள்ளியிருந்த செடிகளைப் பார்த்ததுமே வீரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு நாள் அவள் பேசவுமில்லை, அந்தச் சோற்றைத் தொடவுமில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் தட்டின் முன் உட்கார்ந்து கண்ணை மூடினாள். "ஆண்டவரே, அரிசிக்கு ஸ்தோத்திரம். வாயத் தெறக்காம பறிச்ச இந்தக் கள்ளனுக்கும் ஸ்தோத்திரம்." அவருக்குச் சிரிப்பில் புரையேறியது. அதே நேரத்தில் ஃபேக்டரி கிடங்கில், அவர் விற்ற கொழுந்து அரைபட்டுக் கறுத்த தூளாகக் கட்டி வைத்திருந்த பைகள் வெடித்து, பச்சை இலை வெளியே தள்ளியது.

தரணிதரன் அதை ஜீப்பில் அள்ளிக்கொண்டு வந்தார். "இது உங்குளுதுங்கம்மா," என்று மட்டும் சொன்னார். தானே சுமந்து குவியலில் கொட்டிவிட்டு வந்து, இந்த முறை டீ குடித்தார். மறு வருடம் அந்த ஃபேக்டரி மூடப்பட்டது.

குவியல் இப்போது வீட்டுக் கூரை உயரம். சாலைப் பணியாளர்கள் இருமுறை அள்ளப் பார்த்து, மண்வெட்டி வளைந்ததால் சாலையைச் சற்றுத் தள்ளிப் போட்டார்கள். பஸ் கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்தைப் பச்சைமேடு என்கிறார்கள். விலை கொஞ்சம் எழுந்த பிறகு வேறொரு ஃபேக்டரியின் லாரி வருகிறது. அதுவும் வீரம்மாவின் மூட்டையை எடுப்பதில்லை. போன தையில் அவளுக்குக் காய்ச்சல். சுவிசேஷமுத்து, அவள் முதல் நாள் பறித்து வைத்த மூட்டையை இழுத்துக்கொண்டு வளைவுக்கு வந்து மூச்சு வாங்க நின்றார். டிரைவர் லிங்கசாமி, நெற்றி நிறையத் திருநீறு, வண்டியை நிறுத்தித் தலையை நீட்டினான்.

"ஏனுங்க, இன்னைக்குச் சொல்லலீங்களா? நேரமாச்சுங்க."

அவர் கோலை ஊன்றி நிமிர்ந்தார். எதிர்மலை வரைக்கும் கேட்கும்படி கத்தினார்: "வாங்காத லாரிக்கு ஸ்தோத்திரம்!"

"ஆமெனுங்க," என்று லிங்கசாமி கியரை மாற்றினான்.