எல்லாரும் சுகம்

காலை வரிசையில் பெயர் கூப்பிட்டால் ஒவ்வொரு பயிற்சித் தாதியும் ‘கெங்கி’ என்று கத்த வேண்டும். சுகம் என்று அர்த்தமாம். ஜப்பான்காரன் பினாங்குக்கு வந்த நாளாய் இந்தக் கூத்து. சுகமில்லை என்றவளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பங்கீட்டு அரிசியும் நின்றுபோகும். அதனால் அந்த ஆஸ்பத்திரியில் தாதிகள் யாருக்கும் ஒரு தலைவலிகூட வந்ததில்லை.

அன்று வகுப்பில், சத்துக் குறைந்து கால் வீங்கும் பெரிபெரி நோய்ப் பாடம். சிஸ்டர் நவமணி பெண்களை ஒரு பார்வை பார்த்தார்.

“நோயாளிய அப்புறம் பாக்கலாம். நல்ல கால் எப்படி இருக்கும்னு முதல்ல தெரிஞ்சுக்குங்க. ஹாஜரா, இப்படி வந்து உட்காரு. உனக்குத்தான் கொஞ்சம் சதை இருக்கு.”

ஹாஜரா எழுந்திருக்கவில்லை. “வேற ஆளக் கூப்பிடுங்க லா, சிஸ்டர்.”

“மாப்பிள்ளையா உன்னைப் பாக்க வந்திருக்கான்? உட்காருடி. அருந்ததி, நீ அமுக்கு.”

அருந்ததி தோழியின் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் கட்டை விரலை வைத்து அழுத்தி எடுத்தாள். குழி விழுந்தது. விழுந்த குழி எழும்பவேயில்லை, பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி. சதையாம் சதை! அத்தனையும் நீர்.

“கைய எடு,” என்றாள் ஹாஜரா, உதடு அசையாமல்.

சிஸ்டரும் பார்த்துவிட்டார். “நின்னுக்கிட்டே வேலை செஞ்சா வீங்கத்தான் செய்யும். போதும், போய் உட்காரு.”

“நின்னா கணுக்கால்தான் வீங்கும், சிஸ்டர்,” என்றாள் அருந்ததி. “ இது முழங்கால் வரைக்கும் ஏறியிருக்கு. படி ஏறினா இவளுக்கு மூச்சு வாங்குது. நீங்கதானே சொன்னீங்க, அடுத்தது நெஞ்சுன்னு?”

“உன்னை யாருடி கேட்டா?” ஹாஜரா சீறினாள். “வாப்பா நாசி கண்டார் சோத்துக்கடையை மூடியாச்சு. என் அரிசியிலதான் வீட்ல உலை கொதிக்குது. நான் உபிக் கிழங்கு தின்னுக்கிட்டு கிடக்கேன், உனக்கென்ன?”

“செத்துப்போனா எந்த அரிசியடி கொண்டுபோவ?”

“அருந்ததி!” என்றார் சிஸ்டர். “நோய்னு நான் எழுதினா இவ வீட்டுக்குப் போகணும். அதான் உத்தரவு.”

“எழுத வேணாம். வார்டுல தவிடு இருக்கு, பயறு இருக்கு. இதுக்கு அதானே மருந்து, குடுங்க.”

“அது நோயாளிங்களுக்கு.”

அருந்ததிக்கு உச்சந்தலை வரை எரிந்தது. மருந்து மூட்டை சுவருக்கு அந்தப் பக்கம். வீங்கின கால் இந்தப் பக்கம். நடுவில் ஒரு வெள்ளைக் கவுன்! அப்படியே மண்டியிட்டு, சிஸ்டரின் சப்பாத்துக்கு மேலே காலைப் பிடித்து அழுத்தினாள். அங்கேயும் குழி.

“உங்களையும் வீட்டுக்கு அனுப்புவாங்களா, சிஸ்டர்?”

பளாரென்று விழுந்தது அறை. அருந்ததி எழுந்து நின்றாள். கன்னத்தைத் தடவிக்கொள்ளக்கூட இல்லை. இன்னொன்று விழுந்தாலும் சரி என்றுதான் நின்றாள்.

சிஸ்டர் கவுனை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். பேசும்போது குரல் இறங்கியிருந்தது.

“ஹாஜரா, கவுனைக் கழட்டிட்டு சாரோங் கட்டிக்க. வார்டுல கடைசிக் கட்டில்ல போய்ப் படு. தாதின்னு வாயத் திறக்காத. பேரை நான் அடிக்கல, ராத்திரி டூட்டின்னு போடுறேன். அரிசியை அருந்ததி வாங்கி உன் வீட்ல சேர்க்கட்டும். உன் வேலையும் இவளுக்குத்தான்.”

“நீங்க, சிஸ்டர்?” என்றாள் அருந்ததி.

“பாடத்தைக் கவனி.”

மத்தியானம் தவிட்டுக் கஞ்சியோடு கடைசிக் கட்டிலுக்குப் போனாள் அருந்ததி. சாரோங்கில் ஹாஜரா பக்கத்துக் கட்டில்காரியைப் போலவே இருந்தாள். நோயாளியானால்தான் இங்கே ஒருத்தியை மனுஷியாக நடத்துவார்கள் என்று நினைத்தபடியே அருந்ததி கிண்ணத்தை நீட்டினாள்.

“வாத்துக்குப் போடுறதக் கொண்டாந்திருக்க,” என்றாள் ஹாஜரா. கண் சிவந்திருந்தது. “எல்லார் முன்னாடியும் என் மானத்த வாங்கிட்ட. இனிமே உன்கூடப் பேசவே மாட்டேன்.”

“பேசாத. தின்னு.”

ஹாஜரா கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.