அழுத்தக்காரி

கழுத்தில் வழிகிற குளிர்ந்த பசைக்கு மேலே கருவியை வைத்து அந்த ஸ்கேன்காரப் பெண் அமுக்குகிறாள், பக்கத்துத் திரையில் இருட்டுக்கு நடுவே இரண்டு வெள்ளைக் கோடுகள், அதுதான் உங்க ரத்தக்குழாயோட சுவருங்க, ஒவ்வொரு துடிப்புக்கும் விரிஞ்சு சுருங்கோணும், பேசாதீங்க, எச்சில் முழுங்காதீங்க என்கிறாள், துளசிமணி முழுங்கவில்லை, முழுங்காதே என்று இத்தனை வருசத்தில் யாரும் அவளிடம் சொன்னதில்லை. கோடுகள் அசைவேனா என்கின்றன, பாழாய்ப்போன கோடுகள், கொஞ்சம் அசைந்தால்தான் என்ன, வெளியே பெஞ்சில் மகள் நிவேதா உட்கார்ந்திருக்கிறாள், கல்யாண வயசுப் பிள்ளை, சிறுநீரகம் இரண்டும் போய், டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்திக் கை புடைத்துப்போய், அம்மாவுடையது பொருந்துகிறது என்று சொல்லிவிட்டார்கள், எல்லாம் பொருந்தியாயிற்று, ரத்தக்குழாய் மட்டும் வயசுக்கு மீறி விறைத்திருந்தால் உங்ககிட்டேருந்து எடுக்க முடியாது, அழுத்தம் ஏறி உங்க உசுருக்கே ஆபத்து என்றார் டாக்டர், என் உசுரு யாருக்கு வேணுமாம்.

விறைப்பாத்தானுங்க காட்டுது, எதுக்கும் இன்னொருக்கா பாக்கறேன் என்கிறாள் அந்தப் பெண், விறைப்பு என்றதும் அன்றைக்கு நூல்மில்லிலிருந்து வேனில் கொண்டுவந்து விறைத்துப்போன புருசனை வாசலில் கிடத்துகிறார்கள், சொந்தபந்தமெல்லாம் மாரில் அடித்துக்கொண்டு அழுகிறது, துளசிமணி அழவில்லை, மூன்று வயசு நிவேதா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், அம்மா அழுதால் பிள்ளை பயந்துவிடும், அழுத்தக்காரி, ஒரு சொட்டு வருதா பாரு என்று நாத்தனார் ஊர் கேட்கச் சொல்கிறாள், பிள்ளைக்குச் சிறுநீரகம் போச்சு என்று சொன்ன அன்றைக்கும் துளசிமணி அழவில்லை, சரியாப்போயிரும் சாமி, அம்மா மூஞ்சியப் பாரு, நான் அழுவறனா என்று சிரிக்கிறாள், அம்மா அழாத வரைக்கும் ஒன்றுமில்லை என்று நம்பித்தான் நிவேதாவும் ஊசிக்குக் கையை நீட்டுகிறாள். நாத்தனார் சொன்னதும் அழுத்தம், டாக்டர் சொன்னதும் அழுத்தம், வேறு வேறோ, இல்லை ஒன்றேதானோ, அமுக்கி வைத்த அத்தனை அழுகையும் எங்கே போயிருக்கும், இந்தக் குழாய்ச் சுவரில்தான் இறுகிக் கிடக்கிறது, அது கரைந்தால் இது இளகாமல் எங்கே போகும், ஒரு நிமிசம் பொறு கண்ணு, நான் அழுதுக்கறேன், அழுதா குழாய் இளகிரும் என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

வராது என்றுதான் நினைத்தாள், வந்துவிட்டது, வாசலில் அவருக்கு அழாதது, ஆஸ்பத்திரி வராந்தாவில் பிள்ளைக்கு அழாதது, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு அடிவயிற்றிலிருந்து வருகிறது, அழுவாதீங்கம்மா, படம் ஆடுது, அழுதா அது இளகாதுங்க, அது வேற இது வேறங்க என்று அந்தப் பெண் சொல்லச் சொல்ல இன்னும் உரக்க அழுகிறாள், அழுது முடிக்கக்கூட இல்லை, இப்ப அளந்து பாரு கண்ணு, இப்பப் பாரு என்கிறாள், பாவம் அந்தப் பெண்ணும் அவள் மூச்சு அடங்குகிற மட்டும் காத்திருந்து அளக்கிறாள், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், அதேதானுங்க, மாறலை என்கிறாள். மறுபடி பொங்கிக்கொண்டு வருகிறது, இத்தனை வருசமாகத் திறக்காதது, மூடவும் தெரியவில்லை.

சத்தம் கேட்டுக் கதவைத் திறந்துகொண்டு நிவேதா நிற்கிறாள், பிறந்ததிலிருந்து காணாத முகத்தைக் காண்கிறாள், ஆகாதுன்னு சொல்லிட்டாங்களாம்மா என்கிறாள். இல்ல சாமி, இன்னும் பாத்துட்டுத்தான் இருக்காங்க என்று துளசிமணி எழுந்து உட்கார்ந்து சிரிக்கப் பார்க்கிறாள், முகம் சொன்னபடி கேட்கவில்லை.