லீவு போடாதவர்

புதிய தலைமைச் செயலாளர் யார் என்ற செய்தி மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. பணியாளர் துறைச் செயலாளர் அம்மாவுக்குத்தான் அந்த நாற்காலி என்று தலைமைச் செயலகக் கட்டடமே பேசிக்கொண்டிருந்தது. கிடைத்ததோ அவரிடம் பயிற்சி எடுத்த ஓர் இளையவருக்கு. நல்ல பேச்சுக்காரர், யார் மனமும் கோணாமல் நடக்கத் தெரிந்தவர்.

அம்மாவுக்கு அலுவலகம் வைத்த பெயர் 'ரூல்ஸ் அக்கா'. எழுத்தராகச் சேர்ந்து, தேர்வு மேல் தேர்வு எழுதி மேலே வந்தவர். மாற்றல், பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் அவர் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். சில மாதங்களுக்கு முன்பு, ஆள் பற்றாக்குறை என்று வேலைநிறுத்தம் செய்த செவிலியர்களை ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பச் சொன்னார் அமைச்சர். "விசாரிக்காம யாரையும் அனுப்ப முடியாது சார்" என்றார் அக்கா. விவகாரம் தற்காலிகப் பணிநீக்கத்தோடு தொங்கி நின்றது. அமைச்சரின் அந்தக் கோபம்தான் இப்போது அவர் தலையில் விடிந்திருந்தது.

இளையவர் மேலே போய்விட்டால் மூத்தவர் உடம்பு சரியில்லை என்று நீண்ட லீவில் போய்விடுவார். அங்கே அதற்குக் கௌரவம் என்று பெயர். அமைச்சரின் உதவியாளர் அன்றைக்கே வந்து நின்றார்.

"ரிட்டையர்மெண்டுக்கு இன்னும் ஒரு வருஷம்தானே மேடம்? லீவுல போயிட்டீங்கன்னா யாருக்கும் சங்கடம் இருக்காது."

"எனக்கு ஒரு சங்கடமும் இல்லையே. யாருக்கு இருக்கோ அவங்க லீவு போடட்டும்."

வீட்டில் கணவர் போனை நீட்டினார். "என் தங்கச்சி. துக்கம் விசாரிக்கக் கூப்பிடறா."

"அண்ணி, மனசைத் தேத்திக்கங்க அண்ணி…"

"யாரும்மா செத்தது?" என்றார் அக்கா. நாத்தனார் போனை வைத்துவிட்டாள்.

கணவர் சிரித்து முடித்து, மெதுவாகக் கேட்டார். "வலிக்குதா?"

"வலிக்காம என்ன? அதுக்காகத் தப்பு பண்ணவ மாதிரி ஒளிஞ்சுக்கணுமா?"

மறுநாள் கூட்டத்துக்குப் புதிய தலைமைச் செயலாளர் வந்ததும் முதலில் எழுந்து நின்றவர் அக்காதான். வந்தவரின் முகம் சிவந்துபோனது. "நீங்க போய் எழுந்திரிக்கலாமா மேடம், உட்காருங்க."

"நாற்காலிக்கு மரியாதை சார். திங்கக்கிழமை செவிலியர் விசாரணையை ஆரம்பிக்கறேன். நானே நடத்தறேன்."

"அமைச்சர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு…"

"விசாரணைக்கு அவர் அனுமதி தேவையில்லையே. அந்தப் பாடத்தை உங்களுக்கு எடுத்ததே நான்தான்."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

மருத்துவமனைச் சாப்பாட்டுக் கூடத்தில், எண்ணெய் பிசுக்கு ஏறிய மேசையில் விசாரணை நடந்தது. ஒரு செவிலி வந்ததும் வெடித்தாள். "எப்படியும் அனுப்பத்தானே போறீங்க? எதுக்கு இந்த நாடகம்?"

"அனுப்பறதுன்னா உன்னைக் கூப்பிட்டுக் கேப்பேனா? உட்காரும்மா. வார்டுல ராத்திரி எத்தனை பேர் வேலை பாத்தீங்க?"

"நான் ஒருத்திதான்."

"நோயாளிங்க?"

"தரையில படுத்திருந்தவங்களையும் சேத்தா அறுபது பேர் இருக்கும்."

அக்காவின் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதிக்கொண்டார்.

உயிருக்குப் போராடிய நோயாளியை விட்டுவிட்டுப் போன இருவருக்கு ஊதிய உயர்வை நிறுத்தினார். செவிலியர் சங்கம் கத்தித் தீர்த்தது; அவர் அசைந்து கொடுக்கவில்லை. மற்ற எல்லோரையும் வேலையில் சேர்க்க உத்தரவு எழுதிக்கொண்டு போய்த் தலைமைச் செயலாளர் முன்னால் வைத்தார்.

"இதுல கையெழுத்துப் போட்டா அமைச்சர் என்னைப் பிச்சுடுவாரு மேடம்."

"அப்ப போடாதீங்க சார். ஏன் போடலேன்னு கீழே ரெண்டு வரி எழுதிக் கொடுத்துடுங்க."

அவர் ஜன்னலைப் பார்த்தார், விட்டத்தைப் பார்த்தார். எழுதுவதற்குக் காரணம் ஒன்றும் அகப்படவில்லை. கையெழுத்துப் போட்டார். அமைச்சர் குதித்தார், செவிலியர்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.

அந்த ஒரு வருடத்தில் அக்கா ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. பெரிய நாற்காலி கடைசிவரை வரவும் இல்லை. ஓய்வுபெற்ற நாளில் அமைச்சரின் உதவியாளர் பூங்கொத்தோடு வந்தார்.

"இனிமேலாவது நல்லா ரெஸ்ட் எடுங்க மேடம்."

"எங்கே? செவிலியர் சங்கத்துல நாளையிலேர்ந்து பணி விதிகள் வகுப்பு எடுக்கறேன்" என்றார் அக்கா. "அமைச்சர்கிட்ட மறக்காம சொல்லிடுங்க."